ஆறாம் பாத்தியின் மூச்சு

வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்குச் சொல்லியிருந்த வேலை. அமலோற்பவம் மூங்கில் கோலை இரண்டு கையாலும் பிடித்து, முகத்தைக் காற்று போகிற திசைக்குத் திருப்பி, உதட்டை உள்ளுக்கு மடித்துக் கடித்துக்கொண்டு நின்றாள். மலையின் இந்தச் சரிவில் மூடுபனி இப்போதுதான் எழும்பத் தொடங்கியிருந்தது. கோதுமைப் பாத்திகள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தன, முதலில் மண், பிறகு தாள், பிறகு கதிர். கோலின் நுனியில் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு குழாய் கட்டியிருந்தது. அதன் வழியாகத்தான் ஆதிரையின் தோளில் தொங்கும் பெட்டி காற்றைக் குடிக்கும். பெட்டியிலிருந்து இன்னொரு குழாய் போய் ஒரு கவ்வியில் முடியும். கதிருக்கு அடியில் கடைசியாக விரிகிற கண்ணாடி இலையை அந்தக் கவ்வி கடித்துப் பிடிக்கும். இரண்டு நிமிஷம். இலை காற்றிலிருந்து எவ்வளவு தின்றது, அதற்காக எவ்வளவு தண்ணீரை வெளியே விட்டது, எல்லாம் பெட்டியின் முகத்தில் எண்ணாக வந்து நிற்கும். அதுவரை உஸ்ஸ்ஸ் என்று பெட்டிக்குள் ஒரு சின்ன விசிறி ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் யாரோ படுத்துத் தூங்குகிற மாதிரி. இல்லை, தூங்குகிற மாதிரி கூட இல்லை. தூங்குகிற ஆளுக்கு நடுவில் ஒரு முறையாவது மூச்சு தட்டும், புரண்டு படுப்பான். இது ஒரே சீராக, நிறுத்தவும் தெரியாமல் முடிக்கவும் தெரியாமல். முதல் நாள் அந்தப் பெண் ஆதிரை, பெரம்பலூர்ப் பக்கத்துப் பிள்ளை, இந்தக் கோதுமையை வைத்தே மூன்று வருஷமாகப் பெரிய படிப்புப் படிக்கிறவள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "அம்மா, நம்ம மூச்சுல இருக்கிற கரியமில வாயு வெளிக்காத்துல இருக்கிறத விட நூறு மடங்கு. குழாய்ப் பக்கம் மூச்சு விட்டீங்கன்னா பெட்டி ஏமாந்துடும். இலை சாப்பிடாததையும் சாப்பிட்டதா எண் காட்டும். அதனால பேச்சே கிடையாது, சரியா?" சரி பாப்பா என்றாள். நூறு மடங்கு என்பது மட்டும் மனதில் தங்கிவிட்டது. ஒரு மனுஷியின் ஒரு மூச்சில் வெளியே இருக்கிறதைப்போல நூறு மடங்கு. அவ்வளவு கனமானதையா நாம் வாயில் வைத்துக்கொண்டு திரிகிறோம், யார் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தாலும் அது போய்ப் படத்தானே செய்யும், படாமல் எங்கே போகும்.

எட்டு ரகம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாத்தி, ஒன்றுக்குத் தண்ணீர் உண்டு, ஒன்றுக்கு இல்லை. தண்ணீர் இல்லாத பாத்திகளின் மேல் மழையும் விழுந்துவிடக் கூடாதென்று கண்ணாடிபோல ஒரு பிளாஸ்டிக் கூரை. அதற்குள் குனிந்து போனால் வெளிச்சத்தம் எல்லாம் நின்றுபோகும். தண்ணீர் பாய்ச்சுகிற மாதி, படுகர் வீட்டுப் பெண், வெளியே நின்று கூப்பிட்டால் பத்து வீடு தள்ளிக் கூப்பிடுகிற மாதிரிக் கேட்கும். நாற்பது நாளாக ஒரு சொட்டுக் காணாத பயிர் அங்கே நிற்கிறது. காற்றே இல்லை, ஆனாலும் இலைகள் உரசிக்கொள்கிற மாதிரி ஒரு ஓசை இருந்துகொண்டே இருக்கும். தாகம் எடுத்த இலை தன்னைத்தானே சுருட்டிக்கொள்ளும்போது வருகிற சத்தம் அது என்றாள் ஆதிரை. சொன்ன பிறகுதான் இன்னும் பயமாக இருந்தது. "இலைக்கு ஆயிரக்கணக்குல வாய் இருக்கும்மா, கண்ணுக்குத் தெரியாத வாய். தொறந்தாத்தான் சாப்பிட முடியும். ஆனா தொறந்தா உள்ள இருக்கிற தண்ணி வெளிய போயிடும். மூடுனா பட்டினி, தொறந்தா தாகம். எந்த ரகம் கொஞ்சமாத் தொறந்து நெறைய சாப்பிடுதுன்னு கண்டுபிடிக்கறதுதான் என் வேலையே." எந்த வாய் எவ்வளவு நேரம் திறந்திருந்தது. அமலோற்பவத்துக்கு அது போதும். அதற்கு மேல் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வாய் திறந்தே கிடக்கும்போது உள்ளே இருக்கிறது எப்படி எப்படியோ வெளியே போகும் என்று அவள் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தவள். தண்ணீர் இல்லாத ஒன்றாம் பாத்தி ஆயிற்று, இலை தின்ற கணக்கு ஐந்து புள்ளி எட்டு. இரண்டு ஆயிற்று, ஆறு. மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் அதே ஐந்திலும் ஆறிலும்தான், ஆதிரை முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள். இனி ஆறாம் பாத்தி. கோலைத் தூக்கிக்கொண்டு, காலடியில் கிடந்த வெள்ளைக் கேனைத் தாண்டி நகரும்போதே உதட்டை இன்னும் இறுக்கிக் கடித்தாள். நேற்றும் அப்படித்தான். முந்தாநாளும்.

ஆறாம் பாத்தியில் நிற்கிற பயிர் மற்றவை மாதிரி இல்லை. பச்சையே இல்லை அது. சாம்பல் பூசின மாதிரி, மெழுகு பூசின மாதிரி ஒரு வெளுப்பு. தொட்டால் விரலில் ஏதோ ஒட்டும். இலைகள் எல்லாம் உள்ளுக்குச் சுருண்டு, விரல் மடக்கின கைபோல. முதல் நாள் பார்த்ததும் செத்துவிட்டது என்றுதான் நினைத்தாள். செத்ததைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய் சும்மா இருக்குமா. அறியாமலே உதடு அசைந்துவிட்டது, மாதாவுக்குச் சொல்கிற அருள்நிறை மந்திரம், ஒன்று, இரண்டு, பத்து, சத்தமில்லாமல், வெறும் காற்றாக. சத்தம் இல்லாவிட்டால் என்ன, காற்றுத்தானே கூடாது என்றார்கள். பத்தாவது மந்திரம் முடிகிறபோது ஆதிரை, "அம்மாடி!" என்று கத்தினாள். பதினாலு புள்ளி இரண்டு. தண்ணீர் இல்லாத பாத்தியில் பதினாலா என்று பெட்டியைத் தட்டிப் பார்த்தாள், திரும்பக் கவ்வ வைத்தாள், திரும்பவும் பதினாலு. அமலோற்பவம் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் மறுநாள் அதே இடத்துக்கு வந்ததும் உதடு தானாகத் தொடங்கியது. இதை யாரிடம் சொல்வது, நாற்பது வருஷம் ஜெபமாலை உருட்டின வாய், மனசு நிறுத்து என்றால் நிற்கிறதா. வேறு பாத்தியில் ஒரு வார்த்தை வரவில்லை. இங்கே மட்டும். அந்தச் சுருண்ட இலைகள் காதை இந்தப் பக்கம் வைத்துக் காத்திருப்பதுபோல. நான்கு நாள், நான்கு முறை, பதினாலு, பதினாலு. அந்தப் பிள்ளையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. இன்று மத்தியானம் ஒரு மணிக்குப் பெரிய ஐயாமார் வந்து பார்ப்பார்கள். எட்டில் ஒன்றைத்தான் எடுப்பார்கள், மற்ற ஏழையும் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். எடுத்தது கீழே மழை இல்லாத சீமைக்கு விதையாகப் போகும். எவனோ ஒருத்தன் கடைசித் தண்ணீரை நம்பி அதை விதைப்பான். அது நம்முடைய மூச்சில் பிழைத்ததாகக் காட்டிய பயிர் என்று அவனுக்குத் தெரியுமா, அவன் வயலில் போய் யார் நின்று மந்திரம் சொல்வார்கள்.

கவ்வி இலையைக் கடித்தது. டக். அந்தச் சத்தத்துக்கு அவள் கண் மூடிக்கொண்டது. பஞ்சு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பஞ்சு அசைந்தது, அவள் பார்த்தாள், எல்லோரும் பார்த்தார்கள். தேயிலை ஃபாக்டரி டிஸ்பென்சரியிலிருந்து கம்பவுண்டர் வந்து அவள் புருஷனின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "முடிஞ்சிருச்சும்மா" என்று போன பிறகு, சாமி இன்னும் வரவில்லை. பங்குச்சாமி கீழ் வளைவில் ஏறி வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். செத்தவனுக்கு அவஸ்தைப்பூசுதல் கிடையாது, உயிர் இருந்தால்தான் எண்ணெய் தொடுவார்கள். சவரிராயன் முப்பத்திரண்டு வருஷம் பாய்லர் முன்னால் நின்ற மனுஷன், கோயிலுக்குள் வந்ததே கல்யாணத்துக்கும் பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கும்தான். எண்ணெய் இல்லாமல் போனால் அந்த ஆள் எங்கே போவார். கோயம்புத்தூரிலிருந்து மகள் ஜெனோவா போனில், "அப்பாவுக்கு மூச்சு இருக்காம்மா, இருக்கா இல்லையா, சொல்லும்மா" என்று அழுதாள். அமலோற்பவம் தலையணைக் கிழிசலிலிருந்து ஒரு துளிப் பஞ்சைப் பிய்த்தாள். அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். குனிந்தாள், நன்றாகக் குனிந்தாள், கண்ணும் சரியாகத் தெரியாது. வாயில் மந்திரம். பஞ்சு நடுங்கியது. ஒரு முறை. நிறுத்தி, இன்னொரு முறை. "மூச்சு இருக்கு சாமி, இருக்கு!" என்று அவள் கத்தின கத்தலில் சாமி வெளியே செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து பூசினார். பூசி முடித்து அவர் எழுந்தபோது கம்பவுண்டர் சொன்னதையே எல்லோரும் திரும்பச் சொன்னார்கள். வாய் திறந்தபடி கிடக்கிறதே, விறைத்துவிட்டால் மூடாது, சீக்கிரம் கட்டு என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். வேட்டியில் ஒரு பட்டை கிழித்துத் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சியில் முடிச்சுப் போட்டது அவள்தான். மற்றவர்களுக்குக் கை நடுங்கியது, அவளுக்கு நடுங்கவில்லை. இறுக்கித்தான் கட்டினாள். இரண்டு வருஷமாக அவளுக்கு இருக்கிற குத்தம் அந்தக் கட்டு இல்லை, அந்தப் பஞ்சு. அது என் மூச்சுதான். குனிந்து மந்திரம் சொன்ன என் மூச்சு. செத்தவனைக் காட்டி உயிரோடு இருக்கிறான் என்று சாமியை ஏமாற்றிப் பூச வைத்தேன். ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்துக்கும் இதைச் சொல்லத்தான் போவாள். மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியின் மூச்சு கேட்கும், சொல்லாமல் எழுந்து வந்துவிடுவாள்.

"பதினாலு புள்ளி ஒண்ணு" என்றாள் ஆதிரை. குரலில் சிரிப்பு. "அம்மா, என் ராசியான பாத்தி இது."

வெளியே மாதி வாளியை வைத்துவிட்டுக் குனிந்து எட்டிப் பார்த்தாள். "அமலோரு, ஒதடு என்ன ஆடுது? கோதுமைக்கு ஞானஸ்நானம் குடுக்கறியா? பேரு என்ன வச்சிருக்க?"

வெறும் கேலிதான். ஆனால் ஆதிரை திரும்பிப் பார்த்தாள். கோலில் தொங்கும் குழாயைப் பார்த்தாள், அதற்கு ஒரு முழம் தள்ளி அமலோற்பவத்தின் வாயைப் பார்த்தாள். இப்போது சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம், சளி, உதடு வெடிப்பு, எது சொன்னாலும் இந்தப் பிள்ளை நம்பும். ஒரு மணிக்கு ஐயாமார் வருவார்கள், ஆறாம் பாத்தியைக் காட்டுவாள், அவர்கள் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். மூன்று வருஷமாக வீட்டுக்குப் போகாமல், குளிரில் மூக்கு சிவக்கச் சிவக்க, பொங்கலுக்குக்கூடப் போகாமல் இந்த இலைகளோடு கிடந்த பிள்ளை. என் மகள் மாதிரி. மகள் மாதிரி என்றால் ஏமாற்றலாமா. அன்றைக்கு ஒரு சாமியை, இன்றைக்கு இந்தப் பிள்ளையை. என் மூச்சே ஒரு பொய் மூச்சோ, எதன்மேல் பட்டாலும் அது உயிரோடு இருக்கிறதாகக் காட்டிவிடுமோ.

"பாப்பா," என்றாள், "ஆறுல மட்டும் நான் வாயத் தொறந்துட்டேன். நாலு நாளாவே."

"என்னது?"

"செபம். வேணும்னு இல்ல. சத்தம் வராது. காத்து மட்டும்."

ஆதிரை பெட்டியை இறக்கி மண்ணில் வைத்தாள். பிளாஸ்டிக் கூரைக்குள் அந்தச் சுருளும் ஓசை மட்டும். "மூணு வருஷம்மா" என்றாள் பிறகு, கோபம்கூட இல்லாமல். அப்புறம் கோபம் வந்தது. "மொத நாளே சொல்லியிருக்கலாம்ல? நான் அவங்களுக்கு எழுதி அனுப்பிட்டேன். ஆறுதான்னு எழுதி அனுப்பிட்டேன். இப்ப ஒரு மணிக்கு என்ன சொல்றது, ஒரு அம்மா மந்திரம் சொன்னாங்க, அதனால வந்த எண்ணுன்னா?"

"நானே சொல்றேன் அவங்ககிட்ட."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்." கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தேகால். பதினொன்றுக்கு மேல் இலை வாயை மூடிவிடும், அளக்க முடியாது. "மாதியம்மா, நீங்க வந்து கோலப் பிடிங்க. வாயில துண்டக் கட்டிக்குங்க. அம்மா, நீங்க மேல தண்ணித் தொட்டிகிட்டப் போயிடுங்க. அங்கயே நில்லுங்க. கூப்பிடற வரைக்கும் வராதீங்க."

"நான் செபமும் பண்ணமாட்டேன், சாபமும் குடுக்கமாட்டேன்" என்றாள் மாதி, துண்டை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டே. 

அமலோற்பவம் வரப்பில் ஏறினாள். அறுபது அடி இருக்கும். தொட்டியின் சிமெண்ட் விளிம்பு பனியில் நனைந்து ஜில்லென்று இருந்தது, அதில் கையை வைத்துக்கொண்டாள். அங்கிருந்து பார்த்தால் கூரைக்குள் இரண்டு பேரும் தண்ணீருக்குள் நிற்பதுபோலத் தெரிந்தார்கள். காற்று அவள் பக்கமிருந்து இல்லை, அங்கிருந்து அவள் பக்கம் வீசியது. நல்லது. இங்கிருந்து ஒன்றும் அங்கே போகாது. எண் கீழே விழட்டும், அவள் நினைத்தாள், மாதாவே எண் விழட்டும், உடனே ஐயோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள், விழுந்தால் அந்தப் பிள்ளையின் மூன்று வருஷம் போயிற்றே. விழவில்லையென்றால்? விழவில்லையென்றால் என்ன, நல்லதுதானே, எல்லோருக்கும் நல்லது. ஆனால் அந்த இடத்தில் நினைப்பு ஒரு முள்ளில் மாட்டின சேலைபோல நின்றது. இழுத்தாள், வரவில்லை. விழ வேண்டும் என்று நான் ஏன் கேட்கிறேன். விழுந்தால் அது என் மூச்சு. அது என் மூச்சு என்றுதான் நான் இரண்டு வருஷமாகப் படுத்து எழுகிறேன். பாவம் என்னுடையது, சரி, அதைத் தூக்கிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டது. மற்றது, அந்தப் பக்கம், அதன் கதவை நான் திறந்ததே இல்லை. வீட்டில் ஒரு அறை இருக்கிறது என்று தெரியும், உள்ளே விளக்கு எரிகிறதா என்று சாவித்துவாரத்தில்கூடப் பார்த்தது கிடையாது. கீழே ஆதிரை குனிந்தாள். டக் என்ற சத்தம் இவ்வளவு தூரம் வராது, வரவே வராது, ஆனால் அமலோற்பவத்தின் தாடை எலும்பில் அது கேட்டது. ஒரு நிமிஷம். உதடு அசையக் கூடாது. அசையவில்லை. முதல்முறையாக அந்தப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு அவள் வாய் சும்மா இருந்தது. வெறுமனே, உள்ளே ஒரு வார்த்தையும் இல்லாமல், கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல. இரண்டு நிமிஷம்.

"பதினாலு புள்ளி மூணு!"

மாதி துண்டுக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள். ஆதிரை இன்னொரு இலையைப் பிடித்தாள். இன்னொரு இரண்டு நிமிஷம். "பதினாலு! அம்மா, பதினாலு!" அந்தப் பிள்ளை கூரைக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தியது. "உங்க மூச்சே இல்லம்மா! நான்தான் மறந்துட்டேன், குழாய்க்கு நடுவுல இந்த வெள்ளக் கேன் இருக்கே, எந்தக் காத்து வந்தாலும் இதுல கலந்து கரைஞ்சுதான் பெட்டிக்குப் போகும். அதுக்குத்தான் வச்சிருக்கேன். நீங்க பக்கத்துல நின்னு ஊதினாக்கூட இவ்வளவு ஏறாது. இது அதோட மூச்சும்மா! செத்த மாதிரி கிடந்துக்கிட்டு, கொஞ்சூண்டு வாயத் தொறந்து, உள்ள அது பாட்டுக்கு உயிரோட இருக்குது!"

குடிதண்ணீர்க் கேன் என்று நினைத்திருந்தாள் அவள். நான்கு நாளாக அதைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறாள். நல்ல சேதி. மாதா காப்பாற்றினாள், அந்தப் பிள்ளை பிழைத்தது, கீழே எவனோ விதைக்கப்போகிறவனும் பிழைத்தான். கும்பிட வேண்டும் என்று கை எழுந்தது, பாதியில் நின்றுவிட்டது. பக்கத்தில் நின்று ஊதினாலும் இவ்வளவு ஏறாது. என் மூச்சு இல்லை. செத்த மாதிரி கிடந்துக்கிட்டு. அப்படியானால் பஞ்சில் பட்டதும் அவர் மூச்சுத்தானா. சாமி எழுந்த பிறகு, பட்டையைக் கிழித்து, தாடைக்கு அடியில் கொடுத்து, கை நடுங்காமல். அமலோற்பவத்துக்கு மலை முழுக்க ஒரு நொடி சத்தமே இல்லாமல் போயிற்று, கூரைக்குள் இருக்கிற மாதிரி. பிறகு அந்த உஸ்ஸ்ஸ் மட்டும் கேட்டது, அறுபது அடி தாண்டி, காதுக்குள். கீழே ஆதிரை மூன்றாவது இலைக்குக் குனிந்தாள், எதற்கும் ஒன்று இன்னும் இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே. கவ்வியின் இரண்டு தாடையும் விரிந்து, அந்தச் சாம்பல் இலையின்மேல் மெதுவாக மூடின.

அவள் வரப்பில் இறங்கவில்லை. நேராக இறங்கினாள். தண்ணீர் விட்ட இரண்டு பாத்தியை மிதித்து, கால் வைக்கவே கூடாது என்று சொன்ன இடத்தில் கால் வைத்து, தாள்கள் காலடியில் முறிய முறிய, கதிர் சேலையில் குத்த, மாதி "ஏய் அமலோரு! பைத்தியமா உனக்கு!" என்று கத்தக் கத்த, கூரைக்குள் குனிந்து புகுந்து, அந்தப் பிள்ளையின் கையை விலக்கி, கவ்வியை இரண்டு பெருவிரலாலும் அழுத்தித் திறந்தாள். இலை வெளியே வந்தது. கடித்த இடத்தில் நீளமாக ஒரு தடம். பெட்டியின் எண் ஓடி ஓடி ஒன்றுமில்லாமல் போயிற்று.

"அம்மா, என்னாச்சு? ரெண்டு நிமிஷம் ஆகலயே..."

"மூடாத பாப்பா" என்றாள் அமலோற்பவம். இலையை விடாமல் உள்ளங்கையில் தாங்கியிருந்தாள். "உயிரோட இருக்கும்போது மூடாத."